தட்டலும் நாதமும்: கோல்வாத்தியப் பயிற்சி எழுப்பும் ஒரு சித்தாந்த வினா

இந்தியச் சமய நூல்களும் இசை நூல்களும் நாதத்தை ஆகதம், அனாகதம் என இருவகையாகப் பகுக்கின்றன. ஒன்று மற்றொன்றில் மோதுவதால் எழுவது ஆகத நாதம். மோதல் ஏதுமின்றி, தவத்தில் நிற்பவரின் நெஞ்சகத்தில் ஒலிப்பதாகச் சொல்லப்படுவது அனாகத நாதம். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் வாழ்ந்த சார்ங்கதேவர், தம் சங்கீத ரத்னாகரத்தில், அனாகதம் வீடுபேற்றுக்கு உரியதே ஆயினும் மக்கள் மனத்தை மகிழ்விப்பதன்று எனக் கூறி அதனை முனிவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, ஆகதத்தையே தம் நூலின் பொருளாக எடுத்துக்கொண்டார். இசைக்கருவிகள் யாவும் ஆகத நாதத்தின் பாற்பட்டவை எனினும், மோதல் எல்லாவற்றிலும் ஒரே அளவில் புலப்படுவதில்லை. குழலில் அது மூச்சுக்குள் மறைகிறது. வயலினில் வில்லின் இடைவிடாத உராய்வாகக் கரைந்துவிடுகிறது. கோல்கொண்டு பட்டையையோ கிண்ணத்தையோ தட்டி இசைக்கும் கருவிகளில்தான் அது தனித்து, மறைப்பின்றி, ஒரு கணத்தில் தொடங்கி அக்கணத்திலேயே முடிந்துபோகிறது. கோல் விலகிய பின்னும் ஒலி நிற்கிறது. நின்று, தேய்ந்து, அடங்குகிறது. ஆகவே தட்டுபவர் அந்த ஒலியை உண்டாக்கினாரா, அன்றிப் பட்டைக்குள் முன்னமே இருந்ததை வெளிப்படுத்த மட்டும் செய்தாரா என்னும் வினா, வைப்ரஃபோன், மரிம்பா, சைலஃபோன், காமெலான், ஜலதரங்கம் முதலிய கோல்வாத்தியங்களைப் பயில்பவருக்கு வெறும் ஏட்டு வினாவாக நிற்பதில்லை. கையை எவ்வாறு பழக்குவது என்பதே அதன் விடையைப் பொறுத்து மாறக்கூடியது.

இவ்வினாவை ஆராய மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம் போன்ற ஓர் ஊர் ஏற்ற களமாகும். குளுவாங் மாவட்டத்தில், ஜொகூர் பாருவையும் ஆயர் ஈத்தாமையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையின்மேல், அன்னாசித் தோட்டங்களுக்கும் செம்பனைக்கும் நடுவே அமைந்த அவ்வட்டாரத்தின் தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்ட வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தோட்டத்துக் கோயிலின் மணியும், தொங்கவிட்டு மரக்கோலால் தட்டப்படும் தடித்த வெண்கலத் தட்டாகிய சேகண்டியும் அம்மரபோடு வந்தவை. சேகண்டி பூசையிலும் ஒலிக்கும், சங்கோடு சேர்ந்து இறுதி ஊர்வலத்திலும் ஒலிக்கும். அதே ஜொகூரில் குடியேறிய ஜாவானியர், மூங்கிற் குதிரை ஆட்டமாகிய கூடா கெப்பாங்கைத் தங்கள் வெண்கலக் கொங்குகளோடு கொண்டுவந்தனர். அவற்றுக்கு முன்பே, ஜொகூர்–ரியாவ் அரசின் வழிவந்த ரியாவ்–லிங்கா அரண்மனையில் கோல்வாத்தியக் குழுவிசையாகிய காமெலான் வழங்கிற்று. 1811இல் பெஞ்ஞெங்காட் தீவில், பகாங் அரச குடும்பத்தையும் ரியாவ்–லிங்காவையும் இணைத்த திருமணத்தில் அது ஆட்டத்தோடு நிகழ்த்தப்பட்டதாக மலாய் இசை வரலாறு கூறும். அங்கிருந்து பகாங்குக்கும், 1885இல் மற்றோர் அரச திருமணத்தின் வழியே திரெங்கானுவுக்கும் சென்ற அவ்விசை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓய்ந்து, 1966இல் அரண்மனையில் கிடந்த வாத்தியங்கள் மீண்டும் கவனத்துக்கு வந்தபின் 1969இல் மலாயாப் பல்கலைக்கழக மேடையில் ஒலித்தது. கெரோமோங் என்னும் கிண்ணக் கொங்கு வரிசை, மரப்பட்டைகளாலான கம்பாங், வெண்கலப் பட்டைகளாலான சாரோன் ஆகியவை அதன் முதன்மைக் கருவிகள். கோல்வாத்தியம் என்றதும் அமெரிக்க ஜாஸ் மேடையையே நினைக்கும் மலேசியத் தமிழ் வாசகர், தம் முன்னோர் குடியேறிய மண்ணின் அரசவை இசையே கோல்வாத்திய இசை என்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

வினாவுக்குள் புகுமுன், தட்டும்போது நிகழ்வது யாது என்பதைக் கருவியின் அமைப்பிலிருந்து அறிந்துகொள்ளுதல் வேண்டும். வைப்ரஃபோன் மிகவும் இளைய கருவி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் லீடி நிறுவனத்தின் தொழிற்கூடத்தில், 1920களின் தொடக்கத்தில், உலோகப் பட்டைகளின் கீழ் மோட்டாரால் சுழலும் தட்டுகளை அமைத்து ஒலியை அலையச் செய்யும் முயற்சியாக அது தொடங்கிற்று. 1927இல் சிகாகோவின் டீகன் நிறுவனத்தில் ஹென்றி ஷ்லூட்டர் எஃகுக்குப் பதிலாக அலுமினியப் பட்டைகளையும், ஒலியை நிறுத்தவும் நீட்டவும் காலால் மிதிக்கும் பெடலையும் சேர்த்தபோது இன்றைய வடிவம் கிடைத்தது. வழக்கமான கருவியில் 37 பட்டைகள், மூன்று ஸ்தாயிகள். ஒவ்வொரு பட்டையும் முனையிலிருந்து அதன் நீளத்தில் ஏறத்தாழ 22.4 விழுக்காட்டுத் தொலைவில், இருபுறமும், கயிற்றின்மேல் தாங்கப்பட்டுள்ளது. அவ்விரு இடங்களும் கணுக்கள் எனப்படும்; பட்டை முழுவதும் மேலும் கீழும் வளைந்து அதிரும்போது அங்கு மட்டும் அசைவில்லை. ஒரே தடிப்புள்ள பட்டையின் இரண்டாம் அதிர்வு முதலதிர்வைப் போல் 2.76 மடங்கு விரைவுடையதாதலின் காதுக்கு ஒவ்வாது ஒலிக்கும். ஆகவே பட்டையின் அடிப்பகுதியை நடுவில் குடைந்து, வைப்ரஃபோனிலும் மரிம்பாவிலும் அதனை நான்கு மடங்காக, அதாவது சரியாக இரண்டு ஸ்தாயி மேலே நிற்கும்படி அமைப்பர். சைலஃபோனில் பெரும்பாலும் மூன்று மடங்கு. கீழே தொங்கும் குழாய்கள் பட்டையின் முதலதிர்வுக்கு இசைந்து ஒலியைப் பெருக்குகின்றன. 440 அதிர்வுடைய பட்டைக்கு ஒருபுறம் அடைத்த குழாய் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். குழாய் ஒலியைப் பெருக்கும் அதே அளவில் பட்டையின் ஆற்றலை விரைந்து வெளியேற்றுவதால், குழாயின் துணையுடன் உரக்க ஒலிக்கும் பட்டை, குழாயின்றி மெலிதாக ஒலிக்கும் அதே பட்டையைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும்.

இனி வழக்குரைகளுக்கு வரலாம். நியாய வைசேடிகர் கூற்றின்படி ஒலி ஆகாயத்தின் குணம். அது தோன்றி அழிவது. அது பிறத்தற்குக் காரணங்கள் மூன்று: ஒன்று மற்றொன்றோடு கூடுதல், ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிதல், முன்னைய ஒலி. கூடுதலுக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டே முரசும் கோலும் கூடுதல் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தவர், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவரும் சிவஞான போதத்துக்கு மாபாடியம் கண்டவருமான சிவஞான முனிவர். தமக்கு உடன்பாடில்லாத கொள்கைகளையும் உடைய நூலை மாணவர் பொருட்டு மொழிபெயர்த்த அவரது பெருந்தன்மை இன்றைய சமய வாதங்களில் அரிதாகிவிட்டது. நியாயத்தின்படி, கோல் படுமுன் ஒலி எங்குமில்லை. பட்டபின் பிறந்த முதல் ஒலி அடுத்ததைப் பிறப்பித்துத் தான் அழிகிறது. அது மற்றொன்றைப் பிறப்பிக்கிறது. செவியை எட்டுவது அவ்வரிசையின் கடைசி உறுப்பு. இவ்வாறு இல்லாதது புதிதாகத் தோன்றும் என்னும் கொள்கை அசற்காரியவாதம் எனப்படும். மீமாம்சகரோ சொல்லின் எழுத்தொலிகள் என்றும் உள்ளவை என்றும், முயற்சி அவற்றை வெளிப்படுத்துவதன்றிப் படைப்பதில்லை என்றும் வாதிட்டனர். எனினும் அவர்கள் நிலையானதாகக் கொண்டது எழுத்தையே அன்றி, அதனை வெளிப்படுத்தும் காற்றொலியை அன்று. ஆதலால் கொங்கின் ஓசைக்கு மீமாம்சகரைச் சான்றழைப்பது, சிலர் செய்வதுபோல், அவர்கள் சொல்லாததை அவர்கள்மேல் ஏற்றுவதாகும்.

பௌத்தர் இவ்விருவரின் வழக்கையும் வேறொரு பக்கமாகத் திருப்பினர். மிலிந்த பஞ்ஞம், மனம் ஒரு பொருளை முதலில் பற்றும் விதக்கம் என்னும் செயலை வெண்கலப் பாத்திரத்தைத் தட்டுதலுக்கும், பற்றிய பொருளில் மனம் தொடர்ந்து உலவும் விசாரம் என்னும் செயலை அதன் பின்னொலிக்கும் ஒப்பிடுகிறது. புத்தகோசரும் விசுத்திமார்க்கத்தில் மணியோசையைக் காட்டி இதே வேறுபாட்டை விளக்குகிறார். ஒலி எங்கிருந்து வந்தது என்பதைவிட, தட்டலும் தொடர்ச்சியும் இரு வேறு செயல்கள், இரண்டாவது முதலாவதைவிட நுண்ணியது என்பதே அங்குக் கருதப்பட்டது. கோல்வாத்தியம் பயில்பவர் முதலில் அறியவேண்டியதும் அதுவே: தட்டும் கணத்தில் மாணவரின் கவனம் கூர்மையாக இருக்கிறது, ஒலி நின்று தேயும் நேரத்தில் அவர் அடுத்த பட்டைக்குப் போய்விடுகிறார்.

சைவ சித்தாந்தம் கொள்வது சற்காரியவாதம்: இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது, காரியம் என்பது காரணத்தில் நுண்ணிலையில் இருந்ததன் வெளிப்பாடே. அதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்னும் மூன்று வேண்டும். குடத்துக்கு மண்ணும், தண்டசக்கரமும், குயவனும்போல. சொல்லும் ஒலியும் சுத்தமாயையினின்று சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகை வாக்காகப் படிப்படியே பருப்பொருளாகும் என்பதும் அதன் கொள்கை. இவ்வளவையில் வைத்துப் பார்ப்பின், பட்டையின் உலோகமும் அதன் வடிவும் முதற்காரணத்தின் இடத்தில் நிற்கும், கோல் துணைக்காரணம், இசைப்பவர் நிமித்த காரணம். இப்பகுப்பு வெறும் உவமையாக முடிந்துவிடாமல் பட்டையின் நடத்தையோடு பொருந்தி வருகிறது. ஒரு பட்டை தனக்கு அமைந்த அதிர்வுகளைத் தவிர வேறெதையும் ஒலிக்காது. எவ்வளவு வலிந்து அடித்தாலும் ஸட்ஜப் பட்டை பஞ்சமம் ஆகாது. கோலின் தலையில் நூல் தடிப்பாகச் சுற்றப்பட்டிருப்பின், அது பட்டையைத் தொட்டுநிற்கும் நேரம் சற்று மிகுவதால் மேலதிர்வுகள் அடங்கி முதலதிர்வே மேலோங்கும். கடினமான ரப்பர்த் தலையாயின் மேலதிர்வுகளும் உடன் வெளிவரும். கோல் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. உள்ளவற்றில் எவை வெளிவரலாம் என்பதைத் தெரிவு செய்கிறது. கணுவின்மேல் தட்டினால் அதே வலிமை, அதே கோல், அதே கை இருந்தும் முதலதிர்வு எழாது, மொத்தென்ற ஓசை மட்டும் கேட்கும். கூடுதல் ஒன்றே ஒலிக்குக் காரணமாயின் இது ஏன் என்று சித்தாந்தி கேட்பார். துணைக்காரணம் ஒன்று குறைந்தது என்று நையாயிகர் விடை தருவார். அவ்விடை பிழையன்று, எனினும் குறைந்தது எது என்று தேடப்புகின் அது பட்டையின் அமைப்புக்குள்ளேயே கொண்டுபோய் விடும். சிம்பாங் ரெங்கத்துக்கு வடக்கே மாச்சாப், ஆயர் ஈத்தாம் கடைகளில் பீங்கான் சாடி வாங்குவோர் விரலால் சுண்டிக் கேட்பதும் இக்கருத்தின் பாற்பட்டதே. சுண்டல் விரிசலை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது.

இயற்பியல் ஒரு சமயக் கொள்கையை நிறுவிவிடும் என்று இதனால் கொள்ளலாகாது. பொருந்துதல் வேறு, நிறுவுதல் வேறு. ஆனால் பயிற்சி என்பது யாது என்னும் வினாவில் இக்கொள்கை தெளிவான ஒரு பயனைத் தருகிறது. ஒலியைத் தாம் படைப்பதாக எண்ணும் மாணவர் கோலை அழுத்துகிறார். அழுத்திய கோல் பட்டையின்மேல் தங்குகிறது. தங்கிய கோலே பட்டையின் அதிர்வைக் கொல்கிறது. கற்றுத்தருவோர் எல்லாரும் முதல் பாடத்திலேயே சொல்வது, கோல் பட்டையைத் தொட்ட உடன் மேலெழ வேண்டும் என்பது. 1979இல் லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ் மரிம்பாவுக்கு எழுதிய பயிற்சி நூல் இரு கைகளிலும் இரண்டிரண்டாக நான்கு கோல்களைப் பிடித்து ஒவ்வொன்றையும் தனித்து இயக்கும் முறையை வகுத்தது. கேரி பர்ட்டன் வைப்ரஃபோனில் வேறொரு பிடியைக் கையாண்டு அதற்குத் தம் பெயரையே தந்தார். இப்பிடிகளை மாதக்கணக்கில் பழகுவோர் உண்மையில் பழகுவது வலிமையைக் கூட்டுதலை அன்று. மணிக்கட்டிலும் தோளிலும் விரலிடுக்கிலும் படிந்த இறுக்கத்தைக் கழித்தலையே. உயிரின் அறிவு புதிதாக உண்டாக்கப்படுவதில்லை, மலம் நீங்க விளங்குகிறது என்று சித்தாந்தம் கூறும் முறையோடு இது ஒத்துள்ளது. மெய்கண்டாரின் சிவஞான போதத்துப் பத்தாம் சூத்திரம், யான் செய்தேன் என்னும் முனைப்பு நீங்கி இறைபணியில் நிற்றலால் மலம் வலியிழத்தலைப் பேசுகிறது. செயலை விட்டுவிடச் சொல்லாமல், செயலில் நின்றுகொண்டே செயலுக்கு உரிமை பாராட்டாதிருக்கச் சொல்லும் அந்நுட்பம், சோம்பலைத் தவமென்று மயங்குவோருக்கும் முயற்சியை ஆணவமென்று பழிப்போருக்கும் ஒருங்கே மறுப்பாகிறது.

ஒலியைத் தொடங்குதலைவிட முடித்தலில் இசைப்பவரின் பொறுப்பு மிகுதி என்பது இக்கருவிகளின் மற்றொரு சிறப்பு. ஜாவானியச் சாரோனில் வலக்கைக் கோல் அடுத்த பட்டையைத் தட்டும் அதே கணத்தில், இடக்கை விரல்கள் முந்தைய பட்டையைப் பிடித்து அடக்க வேண்டும். சற்று முந்தினால் இசை அறுபடும், பிந்தினால் இரு சுரமும் கலங்கும். வைப்ரஃபோனில் பெடலை மிதித்துப் பட்டைகள் அனைத்தையும் ஒலிக்க விட்டபடி, வேண்டாத ஒன்றை மட்டும் கோலின் தலையால் தொட்டு அடக்கும் முறை உண்டு; தொடக்க மாணவருக்கு மிகக் கடினமானது அதுவே. பதஞ்சலி முனிவர் மனத்தை அடக்க அப்பியாசம், வைராக்கியம் என இரண்டைச் சேர்த்தே கூறினார். முன்னது இடைவிடாப் பயிற்சி, பின்னது பற்று விடுதல். பயிற்சி என்றால் முன்னது மட்டும் என்று கருதுவோர், சாரோனின் இடக்கையைக் கற்காமல் வலக்கையை மட்டும் கற்பவர்கள்.

இவ்வளவும் சித்தாந்தத்துக்குச் சார்பாகவே நின்றன, எதிர்வழக்கும் வலியுடையது. சுரம் பட்டையில் இருக்கலாம், இராகம் எந்தப் பட்டையிலும் இல்லை. சுரங்களின் வரிசை, இடைவெளி, மீண்டும் வருதல் ஆகியவை இசைப்பவரால் அக்கணத்தில் அமைக்கப்படுவன. அவை முன்னமே எதில் ஒடுங்கியிருந்தன என்று நையாயிகர் கேட்கும்போது, மாயையில் என்று கூறுவது விடையாயினும், பயிற்சியறைக்குள் அதனால் பெரிதாக ஒன்றும் விளங்குவதில்லை. இதில் அசற்காரியவாதத்துக்கு அதற்குரிய பங்கைத் தந்துவிடுவதே நேர்மை. தமிழிசையைப் பொறுத்தவரை இடர் இன்னும் கூடுதல்: சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகம் இல்லாமல் தோடியோ பைரவியோ தோடியாகவும் பைரவியாகவும் நிற்பதில்லை, பட்டையோ அசையாத சுரத்தை மட்டும் தரும். ஜலதரங்கத்தில், கலைமாமணி சீதா துரைசாமி (1926–2013) போன்ற கலைஞர்கள் கிண்ணத்தைத் தட்டிய குச்சியால் நீரைத் தொட்டுச் சுரத்தை வளைத்தனர். வைப்ரஃபோனில் கடினமான கோல் ஒன்றைக் கணுவில் அழுத்தி நடுப்பகுதி நோக்கி நகர்த்தினால் சுரம் சிறிது தாழும். அது கமகத்தின் நிழல் மட்டுமே.

இக்குறை இசைப்பவரின் சமய வாழ்வுக்குத் தடையா என்பதற்குச் சைவ மரபிலேயே ஒரு தீர்ப்பு உண்டு. திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய யாழ்முரிப் பதிகத்தின் இசை திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காதபோது, அவர் அந்த யாழை உடைக்க ஓங்கினார் என்றும், சம்பந்தர் அதனைத் தடுத்து, கருவியில் வந்த அளவே வாசிக்கச் சொன்னார் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. இந்நிகழ்ச்சியைச் சம்பந்தரின் பெருமைக்குச் சான்றாகவே விரித்துரைப்பது வழக்கம். யாழ்ப்பாணருக்குக் கிடைத்த ஆணையே அதனினும் ஆழமானது. கருவியின் எல்லை குற்றமாகாது. எல்லைக்குட்பட்ட கருவியை எறிந்துவிடும் வெகுளியே தடுக்கப்பட வேண்டியது. கமகம் வராத பட்டையில் தேவாரப் பண்ணை வாசிக்கலாமா என்று தயங்கும் மாணவர், பண்ணின் சுர நிலைகளைப் பிழையின்றி அறியவும் தாளத்தில் நிற்கவும் அதனைக் கொள்ளலாம். மீதியைக் குரலுக்கு விடலாம்.

தனிமனித முனைப்பைப் பற்றிய சித்தாந்த எச்சரிக்கை ஏட்டைவிட்டு இறங்கி இசையின் அமைப்பாகவே நிற்பது காமெலானில்தான். இம்பால் என்னும் ஜாவானிய முறையில் இரு சாரோன்கள் மாறிமாறித் தட்ட, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்ப, இருவரில் எவரும் தனித்து வாசிக்காத ஒரு மெட்டு கேட்போர் செவியில் உருவாகிறது. அம்மெட்டுக்கு நிமித்த காரணர் யார் என்று கேட்டால் எந்தவொரு கையையும் சுட்டமுடியாது. வாத்தியங்களைத் தாண்டிச் செல்லலாகாது, காலணியோடு அணுகலாகாது என்னும் காமெலான் ஒழுக்கம், சரசுவதி பூசையன்று கருவிகளைப் படைத்து அன்று வாசிக்காது விட்டு விசயதசமியில் மீண்டும் தொடங்கும் தமிழர் வழக்கத்துக்கு அயலானதன்று. இரு மரபிலும் கருவி தன்னை வாசிப்பவருக்கு முழுதும் உடைமையாகிவிடுவதில்லை. மலேசியத் தமிழ்க் குழந்தை பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ காமெலான் குழுவில் சேர்வதைச் சமயம் கடந்த செயலாக அஞ்சும் பெற்றோர் சிலர் உளர். அவ்வச்சத்துக்குச் சைவ நூல்களில் இடம் காண இயலவில்லை.

நாதம் தட்டலால் பிறப்பதா வெளிப்படுவதா என்னும் வழக்கில், சுரத்தைப் பொறுத்து சித்தாந்தியின் பக்கமும், இராகத்தைப் பொறுத்து நையாயிகரின் பக்கமும் வலிமை மிகுகிறது என்று கொள்வதே இப்போதைக்குத் தகும். இதனை ஏற்காத வாசகர், அருகிலுள்ள பள்ளியின் வாத்தியக் குழுவிலோ காமெலான் பயிலகத்திலோ ஒரு பட்டையை ஒரே கோலால், ஒரே வலிமையோடு, முதலில் கணுவின்மேலும் பிறகு நடுவிலும், அதன்பின் கோலை எடுக்காமலும் தட்டிப் பார்த்துவிட்டு, சிவஞான முனிவரின் தருக்க சங்கிரகத் தமிழாக்கத்தில் ஒலியைப் பற்றிய பகுதியை எடுத்து வாசிப்பாராக.